கேடிலாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் வேலைக்கு வரும் நம்மவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும், பழைய கார் விரும்பிகளும் கேடிலாக் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் வருபவை எளியவை. போகப் போகத்தான் சிக்கல்.

கேடிலாக் எந்த நாட்டு கார்? பேரைக் கேட்டா பிரெஞ்சு மாதிரி இருக்கே?

கார் அமெரிக்கக் கார்தான். பிறந்த ஊர் டெட்ராய்ட், ஆண்டு 1902. பெயர் மட்டும் பிரெஞ்சு. 1701இல் டெட்ராய்ட் நகரத்தை நிறுவியவர் அந்துவான் த லா மோத் கேடிலாக் என்ற பிரெஞ்சுக்காரர். நகரம் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடி முடித்த கையோடு இந்தக் கம்பெனி தொடங்கியது, அதனால் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

காரின் முகப்பில் இருக்கும் கேடயச் சின்னமும் அவருடையதுதான். அவர் பிரபு குடும்பத்தில் பிறந்தவரல்ல. அமெரிக்கா வந்தபின் பெயரையும் குலச்சின்னத்தையும் தானே உருவாக்கிக்கொண்டார் என்பது வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது.

இது தனி கம்பெனியா, இல்ல ஜெனரல் மோட்டார்ஸோடதா?

முதல் ஏழு ஆண்டுகள் தனிக் கம்பெனி. 1909இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. அன்று முதல் இன்றுவரை அந்த நிறுவனத்தின் உச்சப் பிராண்டு கேடிலாக்தான். கீழே ஷெவர்லே, நடுவில் ப்யூக் போன்றவை, மேலே கேடிலாக் என்ற படிவரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு அது தேவைப்படும்.

ஹென்றி ஃபோர்டுதான் கேடிலாக்கை ஆரம்பிச்சாருன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. 1901இல் சில பணக்காரர்கள் முதலீடு போட்டு 'ஹென்றி ஃபோர்டு கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபோர்டுக்கு இது இரண்டாவது முயற்சி. விற்பனைக்கான காரைச் செய்யாமல் பந்தயக் கார் மேலேயே கவனமாக இருக்கிறார் என்று முதலீட்டாளர்களுக்கு அவர்மேல் கோபம். 1902 மார்ச்சில் அவர் வெளியேறினார். அவர் கைக்குக் கிடைத்தது 900 டாலரும் அவருடைய பந்தயக் கார் வரைபடமும். தன் பெயரைக் கம்பெனி இனிப் பயன்படுத்தக்கூடாது என்பதும் ஒப்பந்தம்.

மிச்சமிருந்த எந்திரங்களை விற்றுவிட்டுக் கடையை மூடலாம் என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள். என்ன விலை தேறும் என்று மதிப்பிட ஹென்றி லீலண்ட் என்பவரை அழைத்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "மூடாதீர்கள், என்னிடம் நல்ல என்ஜின் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யலாம்" என்ற பொருளில் யோசனை சொன்னார். 1902 ஆகஸ்டில் அதே கம்பெனி கேடிலாக் ஆனது. ஆக, இடமும் முதலீட்டாளர்களும் ஃபோர்டு விட்டுப்போனவை. கேடிலாக்கைக் கேடிலாக் ஆக்கியவர் லீலண்ட்.

அந்த லீலண்ட் யாரு? கார் புத்தகங்கள்ல அவரை ஏன் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசறாங்க?

1843இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் பல ஆண்டுகள். துப்பாக்கித் தொழிலில் ஒரு கட்டாய விதி உண்டு: எந்தத் துப்பாக்கியின் பாகத்தை எடுத்தாலும் வேறு துப்பாக்கியில் அப்படியே பொருந்த வேண்டும். போர்க்களத்தில் அரம் வைத்து இழைத்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் காலத்தில் கார்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு காரையும் மெக்கானிக் தனித்தனியாக இழைத்து, தட்டி, பொருத்தித்தான் முடிப்பார். ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றில் சேராது. லீலண்ட் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பேசியவர். அளவு தப்பிய பாகத்தை ஏற்கமாட்டார், தொழிலாளி எத்தனை மணி நேரம் செலவழித்திருந்தாலும் சரி. கேடிலாக்கின் பெயர் முதலில் சம்பாதிக்கப்பட்டது இங்கேதான். தோல் இருக்கை, குரோம், பின்பக்க மீன் துடுப்பு எல்லாம் பிற்காலத்தில் வந்தவை. 1903 நியூயார்க் கார் கண்காட்சியில், கம்பெனி தொடங்கி அரையாண்டுகூட ஆகாத நிலையில், 2,000க்கும் அதிகமான கார்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டு "இந்த ஆண்டுக்கு விற்றுத் தீர்ந்துவிட்டது" என்று அறிவித்தார்கள்.

'உலகத்தின் அளவுகோல்'னு விளம்பரம் போட்டாங்களே, அது சும்மா பெருமைதானே?

இல்லை, அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. கேடிலாக் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது. 1908இல் இங்கிலாந்தில் கேடிலாக் முகவராக இருந்த ஃபிரெட்ரிக் பென்னட், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் ஒரு பரீட்சைக்குச் சம்மதித்தார். லண்டனில் விற்பனைக்கு இருந்த கார்களிலிருந்து மூன்றைக் கிளப் அதிகாரிகளே தேர்ந்தெடுத்தார்கள். மூன்றும் ஒற்றை சிலிண்டர் கார்கள். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய், கடைசி திருகாணிவரை கழற்றிப் போட்டார்கள். ஒவ்வொரு காரிலும் 700க்கும் மேற்பட்ட பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, முகவரின் கிடங்கில் இருந்த உதிரி பாகங்களை அவற்றுக்குப் பதிலாகச் சேர்த்தார்கள்.

பிறகு மெக்கானிக்குகள் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கார்களைத் திரும்பப் பூட்டினார்கள். அரம் தொடவில்லை. பூட்டிய மூன்று கார்களும் ஓடின. தடத்தில் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஐரோப்பியக் கார்களே உயர்ந்தவை, அமெரிக்கக் கார்கள் மலிவுச் சரக்கு என்று நினைத்திருந்த பிரிட்டனில், சிறந்த கார்த் தொழில்நுட்பத்துக்காக அந்தக் கிளப் தரும் டூவர் கோப்பை இதற்காகக் கிடைத்தது. அதுவரை எந்த அமெரிக்கக் காருக்கும் கிடைக்காத கோப்பை. 'உலகத்தின் அளவுகோல்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அந்தக் குவியலிலிருந்து வந்தது.

பட்டனை அழுத்தி வண்டியை ஸ்டார்ட் பண்றதைக் கண்டுபிடிச்சது கேடிலாக்கா?

நம்பி வாங்கக்கூடிய மின் ஸ்டார்ட்டரை முதலில் விற்பனைக் காரில் பொருத்தியது 1912ஆம் ஆண்டுக் கேடிலாக். அதை வடிவமைத்தவர் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருந்த சார்ல்ஸ் கெட்டரிங். அதுவரை காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். என்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு முறியும், தாடை உடையும். லீலண்டின் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்ததால்தான் அவர் இதில் இறங்கினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த மரணத்தின் விவரங்களில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றையும் ஒரே மின்முறையில் இணைத்ததற்காக இரண்டாவது முறையும் டூவர் கோப்பை வந்தது. பெண்களும் வயதானவர்களும் யாருடைய உதவியும் இல்லாமல் கார் எடுக்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

லிங்கனும் கேடிலாக்கும் பரம எதிரிங்க. ரெண்டையும் ஒரே ஆள் ஆரம்பிச்சார்னு சொன்னா நம்பறதா?

நம்பலாம். மேலே சொன்ன அதே லீலண்ட்தான். முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், விமான என்ஜின் செய்து தரவேண்டும் என்று அவர் விரும்பினார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் டூரண்ட் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லீலண்ட் மகனோடு வெளியேறி, தான் இளைஞனாக முதல் வாக்கைப் போட்ட ஜனாதிபதியின் பெயரில் லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

போர் முடிந்து கார் செய்ய இறங்கியபோது பணம் போதவில்லை. 1922இல் திவாலான லிங்கனை 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் தன் கம்பெனியை லீலண்டிடம் பறிகொடுத்த அதே ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களில் லீலண்டுகள் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று.

பதினாறு சிலிண்டர் என்ஜின் போட்டது நிஜமா? எதுக்கு அவ்வளவு?

நிஜம். 1930 ஜனவரியில் வெளியானது, 7.4 லிட்டர். அன்றைய அமெரிக்காவில் சொகுசு என்றால் பேக்கார்டு என்ற கம்பெனிதான் முதலிடம். அவர்களை மிஞ்சக் கேடிலாக் எடுத்த ஆயுதம் இது. ஆனால் 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்துவிட்டதால், வாங்க ஆள் இல்லாத நேரத்தில் கடைக்கு வந்தது. 1940வரை இரண்டு தலைமுறைகளாகச் செய்தும் மொத்தம் 4,000க்குச் சற்று மேல்தான் விற்றன. பேக்கார்டு நெருக்கடியைத் தாண்ட விலை குறைந்த கார்களில் இறங்கியது. அதனால் பிழைத்தது, ஆனால் உச்சியில் இருந்த தனி இடம் மெல்லப் போனது. இந்தப் பாடத்தைக் கேடிலாக் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதைக் குறித்துவையுங்கள்.

ஒரு காலத்துல கறுப்பின மக்களுக்குக் கேடிலாக் விக்கவே மாட்டாங்களாமே? ஆனா அவங்கதானே அதை அதிகம் விரும்பினாங்க?

இரண்டும் உண்மை. 1930களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பது கேடிலாக்கின் கொள்கையாக இருந்தது. வெள்ளையரின் மதிப்புக்குரிய கார் என்ற பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்கள். அப்போது கம்பெனியில் சர்வீஸ் பிரிவைக் கவனித்தவர் நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற ஜெர்மன் குடியேறி. ஊர் ஊராகப் பட்டறைகளைப் பார்க்கப் போகும்போது, கார் சர்வீசுக்கு வரும் உரிமையாளர்களில் பலர் கறுப்பின மருத்துவர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள் என்று கவனித்தார். ஷோரூமில் விற்கமாட்டார்கள் என்பதால், வெள்ளையர் ஒருவருக்குக் காசு கொடுத்து அவர் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொருளாதாரச் சரிவில் கேடிலாக்கையே மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் டிரைஸ்டாட் அழைப்பில்லாமல் நுழைந்து இந்த விஷயத்தைச் சொன்னார் என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். கொள்கை மாறியது, விற்பனை ஏறியது, 1934இல் டிரைஸ்டாட்டே கேடிலாக்கின் தலைவரானார்.

இதைக் கம்பெனியின் பெருந்தன்மையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணம் தேவைப்பட்டதால் கதவைத் திறந்தார்கள். பெருமை வாங்கியவர்களுடையது. நல்ல வீட்டை நல்ல தெருவில் வாங்க விடாத, நல்ல ஓட்டலில் தங்க விடாத நாட்டில், உழைத்துச் சம்பாதித்த பணத்தை எல்லோரும் பார்க்கும்படி செலவழிக்க அவர்களுக்கு இருந்த சில வழிகளில் கார் ஒன்று. கறுப்பினத்தவர் ஏன் கேடிலாக் வாங்குகிறார்கள் என்று கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' பத்திரிகை 1949இல் தலையங்கமே எழுதியது.

பின்னாடி அந்த மீன் துடுப்பு எதுக்கு? ஓட்டறதுக்கு ஏதாவது பயன் உண்டா?

பயன் எதுவும் இல்லை, அழகுக்குத்தான். 1941இல் மிச்சிகனில் இருக்கும் செல்ஃபிரிட்ஜ் விமானதளத்தில் பி-38 என்ற இரட்டைவால் போர் விமானத்தை, ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு பார்த்தது. போர் முடிந்தபின் 1948ஆம் ஆண்டுக் காரின் பின்விளக்குகளுக்கு மேல் சின்ன மேடாக அது எட்டிப் பார்த்தது. பிறகு கிரைஸ்லரோடு போட்டி போட்டு வளர்ந்து, 1959இல் உச்சத்தைத் தொட்டது. தோட்டா வடிவ இரட்டைச் சிவப்பு விளக்குகளோடு இருக்கும் அந்த 1959ஆம் ஆண்டுக் காரைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டே குறையத் தொடங்கி, 1965இல் துடுப்பு போய்விட்டது.

துடுப்பைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிடக்கூடாது. 1949இல் வந்த புதிய எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் அந்தக் காலத்துக்கு மிக முன்னேறியது. 1950இல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற பந்தயக்காரர் இரண்டு கேடிலாக்குகளை பிரான்ஸின் ல மான் 24 மணிநேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று ஏறக்குறைய கடையில் விற்கும் கார் அப்படியே. அது 10ஆவதாகவும், அகலமான உடல் மாற்றிக் கட்டிய இன்னொன்று 11ஆவதாகவும் வந்தன. அவ்வளவு கனமான சொகுசுக் கார் அங்கே முழுநாளும் ஓடி முடித்ததே பெரிய செய்தி. துடுப்புக் காலக் கார்களை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், மிச்சிகனில் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற ஊரில் கில்மோர் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்திலேயே கேடிலாக்குக்குத் தனிக் கட்டடம் உண்டு.

எல்விஸ் பிரஸ்லியோட பிங்க் கேடிலாக் இன்னும் இருக்கா?

இருக்கிறது. 1955ஆம் ஆண்டு ஃபிளீட்வுட், மெம்ஃபிஸில் அவர் வீடான கிரேஸ்லாண்டில் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கென்று கொடுத்தார். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

இவ்வளவு பெரிய பேர் எப்படிக் கெட்டுப்போச்சு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "ஜப்பான்காரன் வந்தான், கெட்டது" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது பின்னால் நடந்தது. லெக்சஸ் வந்ததே 1989இல். அதற்கு முன்பே வீடு உள்ளிருந்து கரையான் அரித்திருந்தது. 1970களில் கேடிலாக் ஆண்டுக்கு மூன்று லட்சம் கார்களைத் தாண்டியது. எல்லோருக்கும் கிடைக்கும் அளவுக்கு விற்றபோதே தனித்தன்மை குறைந்தது. செலவைக் குறைக்க, கதவுப் பிடி முதல் டாஷ்போர்டு வரை மலிவான பிளாஸ்டிக் நுழைந்தது. 8.2 லிட்டர் என்ஜின் இருந்தும் 1976இல் அது தந்த திறன் 190 குதிரைத்திறன்தான். மாசுக் கட்டுப்பாட்டுக்கு அவர்கள் கண்ட அவசர வழியின் விளைவு அது.

பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு என்ஜின்களில் அடுத்தடுத்துத் தப்பு நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபைலிடமிருந்து வாங்கிப் போட்ட 5.7 லிட்டர் டீசல் என்ஜினில், மேல்பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகள் தாங்கவில்லை. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வசதியும் முறையாக இல்லை. 1981இல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு என்று சிலிண்டர்களை நிறுத்தி ஓடும் என்ஜின் வந்தது. யோசனை அருமையானது. இன்று பல கார்களில் அதுதான் இருக்கிறது. ஆனால் அன்றைய கணினிச் சில்லுக்கு அந்த வேகம் இல்லை. கார் திணறியது. பல பட்டறைகளில் அந்த வயரையே கழற்றிவிட்டு எப்போதும் எட்டில் ஓடும்படி செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 4.1 லிட்டர் அலுமினிய என்ஜின் அவ்வளவு பெரிய காரை இழுக்கச் சக்தியற்றது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிவதும் சேர்ந்துகொண்டது.

மூன்று என்ஜின்களும் சோதித்து முடிக்கும் முன்பே வாடிக்கையாளர் கைக்குப் போயின. 89 பாகங்களை மாற்றிப் போட்டு 500 மைல் ஓட்டிக் காட்டிய கம்பெனி இது. அதே பெயருள்ள காரை நம்பி வாங்கிய ஒரு தலைமுறை சாலையோரம் நின்றது. 1976இல் "இதுதான் கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்" (கூரையை மடக்கித் திறக்கும் கார்) என்று சொல்லி எல்டொராடோ என்ற மாடலை விற்றுவிட்டு, 1984இல் மறுபடியும் எல்டொராடோ கன்வர்ட்டிபிள் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். சேமித்து வைத்தால் விலை ஏறும் என்று வாங்கியவர்களில் சிலர் வழக்கே போட்டார்கள்.

சிமரான் நிஜமாவே அவ்வளவு மோசமான காரா?

காராக மோசம் இல்லை, கேடிலாக்காக மோசம். பி.எம்.டபிள்யூ. போன்ற சிறிய ஜெர்மன் கார்களுக்குப் பதில் சொல்ல, 1982ஆம் ஆண்டு மாடலாக இந்தச் சின்னக் காரை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அடியில் இருந்தது ஷெவர்லே கவாலியர். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், 88 குதிரைத்திறன். தோல் இருக்கையும் கேடிலாக் சின்னமும் போட்டு 12,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். இரண்டாவது பதிலில் சொன்ன படிவரிசையை நினைத்துப் பாருங்கள்: கீழ்ப்படிக் காரின் மேல் மேல்படிப் பெயரை ஒட்டினார்கள். வாங்குபவர் இரண்டு ஷோரூம்களையும் பார்த்துவிட்டுத்தானே வருவார்?

பிற்பாடு வி6 என்ஜின் போட்டுத் திருத்தினார்கள், கார் உண்மையிலேயே தேறியது. ஆனால் பெயர் போனபின் தேறி என்ன பயன். 1988இல் நிறுத்திவிட்டார்கள். பேக்கார்டு செய்ததைப் பார்த்திருந்தும் அதே பள்ளத்தில் விழுந்ததுதான் எனக்கு வருத்தம்.

இத்தாலியிலிருந்து விமானத்துல காரைக் கொண்டுவந்தாங்களாமே?

முழுக் காரை அல்ல, உடலை மட்டும். 1987 முதல் 1993 வரை வந்த அலாண்டே என்ற இரண்டு இருக்கைக் கார் அது. உடலைப் பினின்ஃபரினா நிறுவனம் டூரின் அருகே செய்தது. ஒரு போயிங் 747இல் 56 உடல்கள் வீதம் டெட்ராய்ட்டுக்குப் பறந்தன. என்ஜினும் மற்றவையும் அங்கே பூட்டப்பட்டன. அழகான கார், ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. மெர்சிடிஸ் எஸ்.எல்.லுக்கு ஈடாக விலை வைத்தும், கடைசி ஆண்டில்தான் தகுதியான என்ஜின் கிடைத்தது. உடனே நிறுத்தியும்விட்டார்கள்.

டெட்ராய்ட்காரங்களுக்கே கேடிலாக் மேல கோபம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஏன்?

கோபம் காரின் மேல் இல்லை, ஒரு தொழிற்சாலையின் மேல். 1921 முதல் கேடிலாக்குகள் பிறந்த கிளார்க் தெருத் தொழிற்சாலை பழசாகிவிட்டது. புதியதுக்கு இடம் வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது. நகர நிர்வாகம் 1981இல் போல்டவுன் என்ற குடியிருப்பையே கையகப்படுத்திக் கொடுத்தது. போலந்துக் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் வாழ்ந்த இடம். 4,000க்கும் அதிகமானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள், கடைகள், மாதா கோயில் உட்பட எல்லாம் இடிக்கப்பட்டன. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. தனியார் ஆலைக்காக இப்படி நிலம் எடுப்பது தவறு என்று அதே நீதிமன்றம் 2004இல் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. இடிந்த வீடுகளுக்கு அது உதவவில்லை.

1985இல் திறந்த அந்த ஆலையில்தான் அலாண்டே பூட்டப்பட்டது. இன்று 'ஃபேக்டரி ஜீரோ' என்ற பெயருள்ள அந்த ஆலையில்தான், எஸ்கலேட் என்ற பெரிய எஸ்.யூ.வி.யின் மின்சார வடிவம் தயாராகிறது. பழைய டெட்ராய்ட்காரர்களிடம் பேசும்போது இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

விற்பனைக் கணக்கையே மாத்திக் காட்டினாங்களாம், நிஜமா?

நிஜம். 1998இல் லிங்கனைவிட மயிரிழையில் அதிகம் விற்றதாகக் கேடிலாக் அறிவித்தது. டிசம்பர் கணக்கு சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. 1999 மே மாதம், 5,000 கார்களை ஒட்டிக் கூட்டிக் காட்டியிருந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். முதலிடம் லிங்கனுக்குப் போனது. அமெரிக்கச் சொகுசில் முதலிடம் என்பது அப்போது அவர்களிடம் மிச்சமிருந்த கடைசிப் பெருமை. அதைக் காப்பாற்றப் போய்த்தான் இந்த அவமானம்.

அப்போ எஸ்கலேட்தான் காப்பாத்திச்சா?

பணத்தைப் பொறுத்தவரை ஆமாம். லிங்கனின் பெரிய எஸ்.யூ.வி. நேவிகேட்டர் சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, 1998இல் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஜி.எம்.சி.யின் யூகான் டெனாலி மேல் சின்னம் மாற்றி முதல் எஸ்கலேட்டை இறக்கினார்கள். சிமரான் செய்த அதே வேலைதான். இந்த முறை விற்றது, ஏனென்றால் அடியில் இருந்த வண்டியே பெரியதும் விலையுயர்ந்ததும். 2002ஆம் ஆண்டு மாடலில் முகத்தையும் உள்ளலங்காரத்தையும் முறையாக மாற்றியதும், இசைக் கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் வாங்கத் தொடங்கினார்கள். இளைஞர்கள் வாயில் கேடிலாக் பெயர் மறுபடி வந்தது.

ஓட்டறதுல ஜெர்மன் காருக்கு ஈடு கொடுக்குமா? சும்மா சோபா மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும்னுதானே சொல்வாங்க?

அது பழைய கதை. 2003ஆம் ஆண்டு மாடலாக வந்த சி.டி.எஸ். பின்சக்கர இழுவையோடு, கத்தியால் வெட்டிய மாதிரியான முகத்தோடு வந்தது. எஸ்கலேட்டைவிட இந்தக் காருக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் பொறியாளர்களின் கைவேலை மறுபடி தெரிந்தது இதில்தான். அதன் வேகப் பதிப்பான சி.டி.எஸ்-வி, 2008இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை எட்டு நிமிடத்துக்குள் சுற்றியது. தொழிற்சாலையிலிருந்து வரும் நான்கு கதவுக் காருக்கு அது பெரிய சாதனை. இப்போது சி.டி.5-வி பிளாக்விங் 668 குதிரைத்திறனோடு, கையால் கியர் மாற்றும் வசதியோடு கிடைக்கிறது. ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

அமெரிக்க ஜனாதிபதியோட கார் நாம வாங்கற கேடிலாக்தானா?

சின்னம் மட்டும் அதே சின்னம். 'பீஸ்ட்' என்று அழைக்கப்படும் அந்தக் கவச வண்டி, கனரக வண்டியின் அடித்தளத்தில் தனியாகக் கட்டப்படுவது. கடையில் கிடைக்காது. எல்லா ஜனாதிபதிகளும் கேடிலாக்கில்தான் போனார்கள் என்பதும் தவறு. 1963இல் கென்னடி சுடப்பட்டபோது இருந்தது லிங்கன் காரில்.

கம்மி விலைக்கு நார்த்ஸ்டார் என்ஜின் போட்ட பழைய கேடிலாக் வருது. வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். 1993 மாடல் முதல் வந்த 4.6 லிட்டர் என்ஜின் அது. கூலன்ட் முழுதும் போனாலும் சிலிண்டர்களை மாற்றி மாற்றி நிறுத்திக் காற்றாலேயே குளிர்ந்து பட்டறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் புத்திசாலி என்ஜின். அதன் பலவீனம், அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டைப் பிடித்திருக்கும் மரை. அது வழுக்கினால் ஹெட் கேஸ்கட் போகும், சூடு ஏறும். 2000ஆம் ஆண்டை ஒட்டியும் அதற்குப் பின்னும் போல்ட்டை மாற்றினார்கள். அதனால் பிந்தைய கார்கள் ஒப்பீட்டளவில் நம்பகமானவை.

வாங்கும் முன் வெளி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், கூலன்டில் என்ஜினுக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்ற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கூலன்ட் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். விற்பவர் என்ஜினைச் சூடாக்கியே வைத்திருந்தால், ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி பாருங்கள். முறையாக மரைக்கு உலோக உறை போட்டுப் பழுது பார்த்த கார் கிடைத்தால், அது தொடாத காரைவிட நல்லது.

நம்ம ஊர்ல ஏன் கேடிலாக் கண்ணுலயே படறதில்ல?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் கார் பூட்டும் ஆலை வைத்தது. 1954இல் மூடிவிட்டது. 1990களில் திரும்பி வந்தபோது ஓப்பலும் பிறகு ஷெவர்லேயும்தான் விற்றார்கள். 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். போதாக்குறைக்கு, கேடிலாக்குகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்கோடு தயாரானவை. சமஸ்தானங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய கார்கள் சில, பழங்கார் ஊர்வலங்களில் வரும்.

இப்போ மின்சாரக் கார் விடறாங்களே, பழைய மரியாதை திரும்பிடுமா?

லிரிக் 2022இல் வந்தது. ஆப்டிக், விஸ்டிக், மின்சார எஸ்கலேட் என்று வரிசை நீண்டுவிட்டது. 2017இல் சி.டி.6 காரில் வந்த 'சூப்பர் குரூஸ்', நெடுஞ்சாலையில் கையை எடுத்துவிட்டு ஓட அனுமதிக்கும் முறை. ஓட்டுநர் சாலையைப் பார்க்கிறாரா என்று கேமரா கவனிக்கும், முன்கூட்டி அளந்த சாலைகளில் மட்டுமே இயங்கும். சோதித்து முடிக்காமல் வெளியே விடமாட்டோம் என்ற பழைய பொறுமை அதில் தெரிகிறது. ஃபார்முலா ஒன்னில் 2026 முதல் 11ஆவது அணியாகக் கேடிலாக் இறங்குகிறது. தொடக்கத்தில் ஃபெராரி என்ஜின், பிறகு சொந்த என்ஜின் என்பது திட்டம்.

என் கவனம் இன்னொன்றின் மேல். வாரன் நகரில் இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்தில் செலஸ்டிக் என்ற மின்சாரக் காரைக் கையால் ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள். விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். அதை வாங்குபவர் மிகச் சிலர்தான், ஆனால் பொருத்தத்தின் நேர்த்தி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆலை மறுபடி கற்றுக்கொள்வது அங்கேதான். அது லிரிக்கின் கதவு இடைவெளியிலும், மென்பொருளிலும், ஐந்து ஆண்டு ஓடிய பிறகும் முனகாத டாஷ்போர்டிலும் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் லிரிக் வாங்கியவர்கள் சிலர் மென்பொருள் கோளாறுகளைச் சொன்னார்கள். அவசரப்படுபவர்களுக்கு நான் சொல்வது: புதிய மாடலின் முதல் ஆண்டுக் காரை விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் ஆண்டுக் காரைப் பாருங்கள்.